முதுமை ஆய்வுக்குத் தரவு வாங்குவது எப்படி: கணினித் துறையிலிருந்து வருபவர்களுக்கு

என் முதல் மாடலுக்குக் கோட் எழுத மூன்று வாரம் ஆனது. அதில் போட வேண்டிய தரவு கைக்கு வந்துசேர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் பாதிக்கு மேல் வீண் அலைச்சல்: கையெழுத்து வாங்கியது தவறான ஆளிடம், அனுப்பியது தவறான சான்றிதழ், எதிக்ஸ் கமிட்டிக்கு இரண்டு முறை விண்ணப்பம். கணினி அறிவியலோ புள்ளியியலோ படித்துவிட்டு முதியோர் நலம், மறதிநோய், மருத்துவமனைப் பதிவுகள் என்று ஆய்வுக்கு வருகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பட்டனை அழுத்தித் தரவை இறக்கிப் பழகியவர்கள் நாம். மருத்துவத் தரவில் பெரும்பாலானவை அப்படிக் கிடைக்காது. வேலையின் வரிசையே வேறு: முதலில் தாள்கள், பிறகு தரவு, கடைசியில்தான் மாடல். இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்தேன்.

1. கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்

வீடு திரும்பிய முதிய நோயாளிகளில் யார் 30 நாளுக்குள் மறுபடி மருத்துவமனையில் சேர்வார்கள் என்று கணிப்பதுதான் என் திட்டம். ஒரு முதியோர் நல மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் மாடலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இந்தக் கணிப்பு என் கையில் எப்போது வரும்?" என்று மட்டும் கேட்டார். "டிஸ்சார்ஜ் ஆகும் அன்று காலையில்" என்றேன். "அப்படியென்றால் இந்த நோய்க் குறியீடுகளை எங்கிருந்து எடுப்பீர்கள்? அவை நோயாளி வீட்டுக்குப் போன பிறகு பில்லுக்காகப் போடுபவை ஆயிற்றே?"

அதோடு என் திட்டத்தில் பாதி போயிற்று. மாடலின் துல்லியம் அதுவரை பிரமாதமாக இருந்ததற்குக் காரணமும் அந்தக் குறியீடுகள்தான். பின்னால் நடந்ததை முன்கூட்டியே பார்த்து எழுதிய பரீட்சை அது.

ஆகவே அந்த ஒரு பக்கத்தில் இவை இருக்கட்டும்: யாரைப் பற்றியது, எந்த வயதுக்கு மேல், கணிப்பு எந்த நேரத்தில் தேவை, அந்த நேரத்தில் என்னென்ன தகவல் உண்மையிலேயே கைவசம் இருக்கும், எதைக் கணிக்கிறீர்கள், கணித்தபின் மருத்துவரோ செவிலியரோ வித்தியாசமாக என்ன செய்வார். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத வராவிட்டால் தலைப்பை மாற்றிவிடுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: எதிக்ஸ் கமிட்டி, தரவு தரும் நிறுவனம், பல்கலைக்கழக ஆய்வு அலுவலகம் என்று எல்லாப் படிவமும் இதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கும். ஒரு தடவை நன்றாக எழுதி வைத்தால் நாலு இடத்தில் உதவும்.

2. எந்தத் தரவு என்று முடிவு செய்யுங்கள்

கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வைத்து நான் தரவை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வேன்.

முதல் வகையில் பதிவு செய்தாலே போதும். அமெரிக்காவில் 1992-இல் தொடங்கிய எச்.ஆர்.எஸ். ஆய்வு, 50 வயதைத் தாண்டியவர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேடிப்போய்ப் பேட்டி எடுக்கிறது. இங்கிலாந்துக்கு எல்சா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் இஸ்ரேலுக்கும் ஷேர். இந்தியாவுக்கு லாசி, அதன் முதல் சுற்று 2017-18-இல் தொடங்கியது, 45 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் அதில் இருக்கிறார்கள். சீனாவுக்கு சார்ல்ஸ். இவையெல்லாம் ஒன்றுக்கொன்று உறவுக்கார ஆய்வுகள். கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருப்பதால் நாட்டுக்கு நாடு ஒப்பிடலாம். 'கேட்வே டு குளோபல் ஏஜிங் டேட்டா' என்ற தளம், இவற்றின் மாறிகளை ஒரே பெயரில் ஒத்திசைத்து வைத்திருக்கிறது. புதிதாக வருபவர்கள் மூலக் கோப்புகளில் நேரே குதிக்காமல் அங்கிருந்து தொடங்குவது நல்லது. எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் மாறிகளின் பெயரை ஒட்டவைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வகையில் ஒரு பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவுப் பதிவுகளைக் கொண்ட மிமிக் தரவு இதில் சேரும். பாஸ்டனில் உள்ள ஒரே மருத்துவமனையின் பதிவுகள் அவை. ஃபிசியோநெட் தளம் வழியாகக் கிடைக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகளின் ஐ.சி.யு. பதிவுகளைக் கொண்ட இ-ஐ.சி.யு. தரவுக்கும் அதே வழிதான்.

மூன்றாவது வகையில் திட்டத்தையே எழுதி அனுமதி வாங்க வேண்டும், பல இடங்களில் பணமும் கட்ட வேண்டும். யு.கே. பயோபேங்க் (பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நல, மரபணுத் தரவைச் சேர்த்து வைத்திருக்கும் வங்கி), காப்பீட்டுப் பதிவுகளோடு இணைத்த தரவு, எச்.ஆர்.எஸ்.-இன் கட்டுப்படுத்தப்பட்ட கோப்புகள், உங்கள் ஊர் மருத்துவமனையே தரும் பதிவுகள் எல்லாம் இந்த வகை.

இதில் சிக்குபவர்கள் நிறையப் பேர்: அளவைப் பார்த்து மயங்குவது. யு.கே. பயோபேங்கில் சுமார் 5 லட்சம் பேர். ஆனால் 2006-க்கும் 2010-க்கும் இடையில் சேர்த்தபோது அவர்களுக்கு வயது 40 முதல் 69 வரைதான். அழைப்பு அனுப்பியவர்களில் வந்து சேர்ந்தது சுமார் 5.5 சதவீதம். வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்களே அதிகம் வந்தார்கள். 85 வயதுக்காரரின் தள்ளாமையைப் பற்றி ஆராய அது இடமில்லை.

முதல் ஆய்வுக்கு முதல் வகையைத்தான் சிபாரிசு செய்வேன். மூன்றாவது வகைக்கு ஆசை இருந்தால் அந்த விண்ணப்பத்தை இன்றே தொடங்கிவிட்டு, அது நகரும் நேரத்தில் முதல் வகையில் வேலை செய்யுங்கள்.

3. தாள்களை ஒரே ஃபோல்டரில் சேருங்கள்

கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் கேட்பவை: பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி, ஆர்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்), இரண்டு பக்கத்துக்கு மிகாத தன்விவரம், வழிகாட்டியின் கடிதம், ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், எதிக்ஸ் கமிட்டியின் அனுமதி அல்லது விலக்குக் கடிதம், தரவைப் பத்திரமாக வைக்கும் திட்டம்.

மின்னஞ்சல் சாதாரண விஷயம் மாதிரித் தெரியும். ஜிமெயில் முகவரியில் விண்ணப்பித்தால் பல இடங்களில் ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுவார்கள். வழிகாட்டியின் முகவரியும் அலுவலக முகவரியாகவே இருக்கட்டும்.

தரவைப் பத்திரமாக வைக்கும் திட்டத்தில் "பாதுகாப்பாக வைப்போம்" என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், எனக்கு அனுப்பினார்கள். எந்த சர்வர், அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, வட்டு குறியாக்கம் செய்யப்பட்டதா, யார் யாருக்கு நுழைவு, பேக்கப் எங்கே, ஆய்வு முடிந்ததும் எந்தத் தேதியில் யார் அழிப்பார் என்று எழுத வேண்டும். கணினி மையத்தில் உள்ள ஒருவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை. அதைத்தான் நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

இப்போது கையெழுத்து. எனக்கு அதிக நாள் வீணானது இதில்தான். மூன்றாவது வகைத் தரவுக்கான ஒப்பந்தத்தில் நீங்களோ உங்கள் வழிகாட்டியோ நிறுவனத்தின் சார்பில் கையெழுத்துப் போட முடியாது. துறைத் தலைவராலும் பெரும்பாலும் முடியாது. நிறுவனத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ள ஒருவர் இருப்பார். ஆய்வு அலுவலகத்திலோ பதிவாளர் அலுவலகத்திலோ அவரைத் தேட வேண்டும். நான் துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். பதில் ஒற்றை வரியில் வந்தது: "அதிகாரம் பெற்றவரின் கையெழுத்து தேவை." முதல் நாளே ஆய்வு அலுவலகத்துக்குப் போய், "இந்த மாதிரி ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுவார், அவர் மேசைக்குப் போகும் முன் யார் யார் படிக்க வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். சட்டப் பிரிவு படித்துப் பார்ப்பதற்கே சில இடங்களில் ஒரு மாதம் பிடிக்கும்.

4. எதிக்ஸ் கமிட்டியைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள்

"பெயர் நீக்கிய தரவுதானே, இதற்கு எதற்குக் கமிட்டி?" என்றுதான் நானும் நினைத்தேன். விலக்கு உண்டு என்பது பல இடங்களில் உண்மைதான். ஆனால் விலக்கு உண்டு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளக் கூடாது. கமிட்டி எழுத்தில் தர வேண்டும். பின்னால் இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது அந்தக் கடிதத்தின் எண்ணைக் கேட்பார்கள். ஆய்வு நடந்த பிறகு முன்தேதியிட்ட கடிதம் தரமாட்டார்கள்.

கமிட்டி மாதத்துக்கு ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோதான் கூடும். கூட்டத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஆகவே கூட்டம் எப்போது என்பதோடு நிற்காமல், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்றும் கேளுங்கள். நான் ஒரு நாள் தாமதித்ததில் ஆறு வாரம் போயிற்று.

முதியவர்களிடம் நீங்களே நேரில் தரவு திரட்டப் போகிறீர்களா? கைக்கடிகார சென்சார், நடை அளவீடு, குரல் பதிவு மாதிரி? அப்படியென்றால் முழு ஆய்வுக்கான விண்ணப்பம் போட வேண்டும், நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஒப்புதல் படிவத்தைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். படித்துக் காட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். மறதிநோய் உள்ளவர் இன்று சம்மதித்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கமிட்டி நிச்சயம் கேட்கும். பதில் தயாராக இல்லாமல் போகாதீர்கள்.

5. விண்ணப்பம்: மிமிக்கை வைத்து ஒரு நடை

ஃபிசியோநெட்டில் கணக்குத் தொடங்குங்கள். அடுத்து, மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்கான சி.ஐ.டி.ஐ. இணையப் பயிற்சியை முடிக்க வேண்டும். அங்கே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எம்.ஐ.டி. துணை நிறுவனங்கள் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தால் இலவசம். தனிநபர் என்று சேர்ந்தால் பணம் கேட்கும். தேவையில்லாமல் கட்டிவிடாதீர்கள். எடுக்க வேண்டிய பாடம், தரவையும் ரத்தம், திசு போன்ற மாதிரிகளையும் மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வுக்கானது. தலைப்பைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வேறு பாடங்களும் இருக்கும். எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் பிடித்தது.

முடித்ததும் இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஒன்று, சுவரில் மாட்டும்படி அழகான சான்றிதழ். மற்றது, எந்தெந்தப் பாடத்தில் எத்தனை மதிப்பெண் என்று பட்டியல் போட்ட அறிக்கை. ஃபிசியோநெட்டுக்கு வேண்டியது அறிக்கைதான். நான் சான்றிதழை ஏற்றினேன். திருப்பி அனுப்பினார்கள்.

மாணவராக இருந்தால் வழிகாட்டியின் பெயரைப் பரிந்துரையாளராகக் கொடுக்க வேண்டும். அவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும், அவர் பதில் சொல்லும்வரை எதுவும் நகராது. விண்ணப்பம் அனுப்பிய அன்றே அவரிடம் போய், "சார், ஸ்பேமிலும் ஒரு தடவை பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் தனித்தனியாகப் பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து. குழுவில் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒருவர் இறக்கி மற்றவர்களுக்குக் கொடுப்பது ஒப்பந்த மீறல்.

இன்னொரு மீறலை இப்போதெல்லாம் தெரியாமலே செய்துவிடுகிறார்கள். நோயாளிக் குறிப்பை எடுத்துச் சாட்ஜிபிடி போன்ற இணையச் சேவையில் ஒட்டி, "இதைச் சுருக்கு" என்று கேட்பது. அது மூன்றாம் தரப்புக்குத் தரவைக் கொடுத்த கணக்கில் சேரும். மொழி மாடல் தேவைப்பட்டால் உங்கள் சொந்த இயந்திரத்தில் ஓடும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஃபிசியோநெட் சொல்லியிருக்கும் நிபந்தனைகளின்படி கிளவுடில் அமைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் எவ்வளவு என்பதற்கு என் அனுபவத்தைத்தான் சொல்ல முடியும். முதல் வகைத் தரவுக்குச் சில நாள். மிமிக்குக்கு, நான் செய்த தவறையும் சேர்த்து, மூன்று வாரம். கட்டுப்படுத்தப்பட்ட தரவுக்கு ஐந்தரை மாதம்.

6. செலவு

முதல் இரண்டு வகைத் தரவும் இலவசம். ஆர், பைத்தான் இரண்டும் இலவசம். அதனால் செலவே இல்லை என்று பட்ஜெட் போட்டுவிடாதீர்கள்.

யு.கே. பயோபேங்குக்கு நீங்கள் கேட்கும் தரவின் வகையைப் பொறுத்துப் பல ஆயிரம் பவுண்டு வரை கட்டணம். இப்போது தரவை இறக்கிக் கொடுப்பதில்லை. அவர்களுடைய கிளவுட் தளத்துக்குள்தான் பகுப்பாய்வு செய்ய வேண்டும். அங்கே கணினி ஓடும் நேரத்துக்குக் காசு. மரபணுத் தரவை வைத்துக்கொண்டு ஒரு லூப்பைத் தவறாக எழுதிவிட்டுத் தூங்கப் போனால் காலையில் பில் வந்து நிற்கும். செலவு வரம்பு வைக்காமல் எதையும் ஓட்டாதீர்கள். அப்புறம் திறந்த அணுகல் இதழ்களின் பிரசுரக் கட்டணம். ஆய்வு முடியும் நேரத்தில் நிதிக்காலமும் முடிந்திருக்கும், கட்டணம் கட்ட ஆள் இருக்க மாட்டார்கள். உங்கள் நூலகத்துக்கு எந்தெந்தப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்று முன்பே விசாரியுங்கள்.

7. தரவு வந்த முதல் வாரம்: மாடலைத் தொடாதீர்கள்

இந்த வாரத்தில் வயதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிமிக்-3 தரவை இறக்கிய அன்று இரவு, ஆர்வத்தில் வயதுக்கு ஒரு வரைபடம் போட்டேன். அறுபது, எழுபதுகளில் ஒரு மேடு, பிறகு 89-இல் சட்டென்று நின்று வெறும் தரை, ரொம்ப தூரம் தள்ளி 300-இல் தனியாக ஒரு தூண். அத்தனை பேருக்கு முந்நூறு வயது! கோடில் பிழை என்று நினைத்து இரண்டு மணி நேரம் தேடினேன். பிழை ஒன்றும் இல்லை. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகளில், ஆள் அடையாளத்தைக் காட்டிக்கொடுப்பவை என்று நீக்கச் சொல்லும் 18 விவரங்களில் 89-க்கு மேற்பட்ட வயதும் ஒன்று. 93 வயதுக்காரர் ஊரில் ஒருவரோ இருவரோதான் இருப்பார், கண்டுபிடித்துவிடலாம் என்பது காரணம். அதனால் அவர்களுடைய பிறந்த நாளை முதல் சேர்க்கைக்கு 300 ஆண்டு முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த பதிப்பான மிமிக்-4-இல் அதே வயதுக் கூட்டத்துக்கு 91 என்று போட்டிருக்கும். இது இன்னும் ஆபத்து. முந்நூறு கண்ணை உறுத்தும். 91 உண்மையான வயது மாதிரியே உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்க மக்களின் உடல்நலத்தையும் உணவையும் அளக்கும் நான்ஹேன்ஸ் கணக்கெடுப்பில் 2007-இலிருந்து 80-க்கு மேல் எல்லோருக்கும் வயது 80. முதியோர் இல்லங்களில் வசிப்பவர்கள் அதில் சேர்க்கப்படுவதே இல்லை. முதுமையைப் பற்றி ஆராய வருகிறோம், ஆனால் மிக முதியவர்களைத்தான் தரவு முதலில் மறைக்கிறது. எந்தத் தொகுதியை எடுத்தாலும் வயது எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று முதல் நாளே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, விடுபட்ட பதில்கள். ஷேர் தரவில் -1 என்றால் 'தெரியாது', -2 என்றால் 'சொல்ல மறுத்தார்'. நான்ஹேன்ஸில் 7, 77, 777 என்று போகும் எண்கள் மறுப்பு. 9, 99, 999 தெரியாது. இவற்றை அப்படியே சராசரியில் சேர்த்துவிட்டால் கணினி எந்தப் புகாரும் சொல்லாது. குறியீட்டு நூலை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாறியாகச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. போரடிக்கும்தான்.

மூன்றாவது, யார் பதில் சொன்னது? எச்.ஆர்.எஸ். ஆய்வில் ஒருவரால் பேட்டி கொடுக்க முடியாவிட்டால் மனைவியோ மகளோ அவருக்காகப் பதில் சொல்வார். அந்த வரிசைகளில் நினைவாற்றல் தேர்வு மதிப்பெண் காலியாக இருக்கும். 27 மதிப்பெண்ணுக்கான தேர்வில் 6-ம் அதற்குக் கீழும் எடுத்தால் மறதிநோய் என்று வகைப்படுத்துவது வழக்கம். காலியாக உள்ள வரிசைகளை நாம் பழக்க தோஷத்தில் ஒரே கட்டளையில் நீக்கிவிடுவோம். நீக்கியவர்களில் யார் இருந்தார்கள்? தானே பேச முடியாத அளவுக்கு மறதி முற்றியவர்கள் பலரும். மறதிநோயைக் கணிக்கும் மாடலிலிருந்து மறதிநோயாளிகளை நானே கைப்படத் தூக்கி எறிந்திருந்தேன். இவர்களுக்காக, உடன் இருப்பவரிடம் கேட்கும் கேள்விகளைக் கொண்ட தனி அளவுகோல் அதே தரவில் இருக்கிறது. அதையும் சேர்த்து வகைப்படுத்துங்கள்.

சுற்றுக்குச் சுற்று காணாமல் போகிறவர்களையும் எண்ணிப் பாருங்கள். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், உடம்பு முடியாமல் விலகியவர்கள் என்று பிரித்து. மூன்றையும் 'விடுபட்டது' என்று ஒரே கூடையில் போட்டால் கடைசிச் சுற்றில் திடகாத்திரமானவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், வயது ஏற ஏற ஆரோக்கியம் கூடுவது மாதிரிக் கோடு மேலே போகும்.

8. மாடல் பற்றிச் சுருக்கமாக

பயிற்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரிக்கும்போது வரிசைகளைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரியுங்கள். ஒரே நோயாளி நான்கு முறை சேர்ந்திருப்பார். இரண்டு இங்கும் இரண்டு அங்கும் போனால் மாடல் ஆளை மனப்பாடம் செய்துவிடும். சாதாரண லாஜிஸ்டிக் ரிக்ரெஷனை முதலில் ஓட்டுங்கள். ஆழ்கற்றல் அதைவிட எவ்வளவு கூடுதல் என்று இதழுக்காகக் கட்டுரையைப் படிக்கும் விமர்சகர் கட்டாயம் கேட்பார். என் விஷயத்தில் கூடுதல் ஒன்றும் இல்லை. கணிப்பு மாடல்களை எழுதி வெளியிடுவதற்கு ட்ரைபாட்+ஏ.ஐ. என்ற சரிபார்ப்புப் பட்டியல் 2024-இல் வந்திருக்கிறது, 27 அம்சங்கள். எழுதி முடித்த பிறகு அதை நிரப்பாமல் தொடங்கும்போதே படியுங்கள்.

9. வெளியிடுவதும் திருப்பிக் கொடுப்பதும்

எழுதிய கோட் கோப்புகளைக் கிட்ஹப்பில் போடுங்கள், தரவைப் போடாதீர்கள். நோட்புக் கோப்புகளை ஜாக்கிரதையாகப் பாருங்கள்: முதல் ஐந்து வரிசையைக் காட்டிய வெளியீடு அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கூடவே போகும். அட்டவணைகளில் 'பெண்கள், 95-க்கு மேல், எலும்பு முறிவு: 2' போன்ற கட்டங்கள் வந்தால் வயது வகுப்பை அகலமாக்குங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் தரவில் 11-க்குக் குறைவான எண்ணிக்கையை வெளியிடவே கூடாது. மற்ற இடங்களில் வரம்பு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும்.

ஒப்பந்தம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்னால் இன்னொரு குறிப்பும் போடுங்கள். இதழின் விமர்சகர் "மறுபடி ஓட்டிப் பாருங்கள்" என்று கேட்பது பெரும்பாலும் அனுமதி முடிந்த அடுத்த வாரம்தான். நீட்டிப்புக்கும் அதே அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவர் விடுப்பில் இருப்பார்.

வேலை முடிந்ததும் தரவை அழித்துவிட்டு, அழித்ததற்கான படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். பேக்கப்பில் உள்ளதும், பழைய லேப்டாப்பில் சோதனைக்காக எடுத்து வைத்த சிறு துண்டும் கணக்கில் சேரும். என்னுடையது ஒரு பென்டிரைவில் கிடந்தது.